முதல் வேலையும் முதல் வெட்டும்

(பாசிர் ரிஸ் கடலோரத்தில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில், ஜொகூர்த் தோட்டமொன்றில் கிராணியாகவும் சங்கக் கிளைச் செயலாளராகவும் இருக்கும் தோழர் ஆற்றிய உரை.)





நான் ஒரு தோட்டத்துக் கிராணி. விடியற்காலை பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவது, செக்ரோல் எழுதுவது, பால் நிறுக்கும் நேரத்தில் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பது, சம்பளத்துக்கு முந்தின நாள் தொகையைப் பத்துத் தடவை கூட்டிப் பார்ப்பது, இவைதாம் என் தொழில். மாலையில் சங்க வேலை. படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். என் தந்தை பால்வெட்டுத் தொழிலாளி. இப்போது எங்கள் தோட்டத்தில் பாதிக்கு மேல் செம்பனை வந்துவிட்டது. இருந்தாலும் மீதி நிரைகளில் இன்றைக்கும் உளி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, "தாதி வேலைக்குப் படித்து முடித்த பிள்ளைகள் முதல் வேலையைத் தேடிக்கொள்வது எப்படி?" என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் டாக்டருமல்ல, தாதியுமல்ல. ஆனால் தாதிக்கு அண்ணன். என் தங்கை ஒரு வேலைக்காக அலைந்த அலைச்சலில் கூடவே அலைந்தவன். அதில் நான் செய்த தவறுகள் இரண்டு. அந்த இரண்டையும் உங்கள் முன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பாலம் கடந்து வந்தேன்.

கூட்டம் பாசிர் ரிஸ்ஸில் என்றதும் ஒரு சந்தோஷம். தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1988இல் தொழிலாளி குடும்பத்தோடு வந்து தங்கட்டும் என்று விடுதி திறந்த கடற்கரை இது. இன்னொரு காரணமும் உண்டு. என் தங்கை இந்த ஊருக்கு வந்த புதிதில், நான்கு பெண்களோடு சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தது இதே பாசிர் ரிஸ் அடுக்குமாடி ஒன்றில்தான்.

மிஸ்ஸி என்றால் யார்?

எங்கள் தோட்டங்களில் தாதியை யாரும் தாதி என்று சொன்னதில்லை. 'மிஸ்ஸி' என்போம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் ஐயா ஒருவர் இருப்பார். காய்ச்சலா, வயிற்றுவலியா, உளி பட்ட காயமா, எல்லாவற்றுக்கும் அவர்தான். பிள்ளைப்பேறு என்றால் மட்டும் லாரியிலோ வேனிலோ ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். அங்கே வெள்ளை உடுப்புப் போட்ட மிஸ்ஸி வருவாள். அவளிடம் எங்கள் தாய்மார்கள் வாய் திறக்கவே பயப்படுவார்கள். மொழி வராது, வந்தாலும் கூச்சம்.

என் தங்கை பிறந்தபோது எங்கள் தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் கிடந்ததாக அம்மா சொல்லுவார். கடைசியில் பக்கத்து வார்டிலிருந்து வந்த ஒரு தமிழ் மிஸ்ஸி, "என்னம்மா செய்யுது?" என்று கேட்டாளாம். அந்த இரண்டு வார்த்தையால்தான் அம்மா பிழைத்தார். அன்றைக்கே, "இந்தப் பிள்ளை மிஸ்ஸி ஆகணும்" என்று சொல்லிவிட்டாராம். எங்கள் வீட்டில் இந்தப் படிப்பு தொடங்கிய கதை அதுதான்.

ஆள் பஞ்சம் ஒரு பக்கம், வேலையில்லை ஒரு பக்கம்

தங்கை ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்து, மூன்று வருஷம் டிப்ளமா படித்து, 2012இல் முடித்தாள். படிப்புச் செலவு பி.டி.பி.டி.என். கடன். மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வையும் எழுதித் தேறினாள். வீட்டில் பாயசம் வைத்தோம். அடுத்த மாதமே வேலை என்று நினைத்தோம்.

ஒன்பது மாதம் வேலை கிடைக்கவில்லை தோழர்களே!

ஏன் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கிற்று. அந்த வருஷங்களில் மலேசியாவில் தாதிப் பயிற்சி கொடுக்கும் தனியார் கல்லூரிகள் பெருகிவிட்டன. கடன் சுலபமாகக் கிடைத்தது. ஆகவே பிள்ளைகள் சேர்ந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் தங்கள் சொந்தப் பயிற்சிக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்களைக் கொண்டே இடங்களை நிரப்பின. தனியார் ஆஸ்பத்திரிகளோ அனுபவம் உள்ளவர்களைக் கேட்டன. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படித்த ஏழைப் பிள்ளைகள். நிலைமை முற்றியதனால் 2010இல் அரசாங்கமே புதிய தாதிப் பயிற்சி வகுப்புகள் தொடங்கக் கூடாதென்று நிறுத்திவைத்தது. ஆனால் என் தங்கை அதற்கு முன்பே சேர்ந்துவிட்டவள்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். உலகத்தில் தாதியர் போதவில்லை என்பது உண்மை. உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2023இல் உலகம் முழுவதும் 2 கோடியே 98 லட்சம் தாதியர் இருந்தார்கள். இன்னும் 58 லட்சம் பேர் வேண்டியிருந்தது. அப்படியிருக்க, படித்த பெண் ஏன் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்?

தேவை இருப்பது வேறு; இடம் இருப்பது வேறு. நோயாளிக்குத் தாதி தேவை. ஆனால் இடத்தை உண்டாக்கிச் சம்பளம் ஒதுக்க ஒருவர் வேண்டும். புதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஓர் அனுபவசாலி வேண்டும். இந்த இரண்டுக்கும் பணம் செலவாகும். அதைச் செலவழிக்க மனமில்லாத இடத்தில், 'ஆள் இல்லை' என்ற கூப்பாடும், 'வேலை இல்லை' என்ற அழுகையும் ஒரே தெருவில் கேட்கும்.

என் முதல் தவறு

தங்கைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான். கிராணியல்லவா! "கனம் பொருந்திய ஐயா" என்று தொடங்கி, பிறந்த தேதி, தகப்பனார் பெயர், குடும்பக் கஷ்டம், "தங்கள் கருணையை வேண்டும்" என்று முடித்து, அதே கடிதத்தை முப்பது ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பெயரை மட்டும் மாற்றினேன். இரண்டு பதில்தான் வந்தன. இரண்டிலும் ஒரே கேள்வி: "அனுபவம் உண்டா?"

பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதை! வேலை கிடைத்தால் அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் வேலை.

ஒருநாள் பட்டணத்தில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மூத்த தாதியம்மாளைப் பார்க்கப் போனோம். என் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். "தம்பி, இது வேலைக்கு விண்ணப்பமா, உதவித்தொகைக்கு விண்ணப்பமா?" என்று கேட்டார். பிறகு தங்கையைப் பார்த்து, "மூணு வருஷத்துல எந்தெந்த வார்டுல நின்னே?" என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்ல ஒரு தாள் நிரம்பிவிட்டது. பொது மருத்துவ வார்டு இத்தனை வாரம், அறுவைச் சிகிச்சை வார்டு இத்தனை வாரம், குழந்தைகள் வார்டு, பிரசவ வார்டு, மனநல மருத்துவமனை, கிராமத்துச் சுகாதார நிலையம். எத்தனை பேருக்குப் புண் கட்டினாள், எத்தனை பிரசவத்தில் கூட நின்றாள், என்னென்ன இயந்திரங்களைத் தொட்டிருக்கிறாள் என்பதெல்லாம் அவளுடைய பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்தோடு இருந்தன.

"இதுதானம்மா உன் அனுபவம். இதை எழுதாம அண்ணன் உன் ஏழ்மையை எழுதியிருக்காரு" என்றார்.

நான் வெட்கப்பட்டுப் போனேன். நாள்தோறும் யார் எத்தனை மரம் வெட்டினார், எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார் என்று எழுதுகிறவன், என் தங்கை செய்த வேலையை எழுத மறந்தேன். தொழிலாளியின் தகுதி அவன் செய்த வேலை. வறுமை ஒரு தகுதியல்ல. அதைச் சொல்லிக் கருணை கேட்கும் பழக்கம் நம்மிடத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. அதை விட்டுத் தொலைக்க வேண்டும்.

என் இரண்டாவது தவறு

இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது.

கடன்காரர் கடிதம் வரத் தொடங்கிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி. மலைச்சரிவு நிரைகளில் ஏற முடியவில்லை. அந்தச் சமயத்தில் ஜொகூர் பாருவில் ஒரு மாடி அறையில் ஓர் ஆள் இருப்பதாகவும், 3,000 மலேசிய வெள்ளி கொடுத்தால் சிங்கப்பூரில் ஆஸ்பத்திரி வேலை நிச்சயம் என்றும் ஒருவர் சொன்னார். அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார். பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

ரசீது கேட்டேனா? கேட்கவில்லை! ஸ்டோரில் ஒரு வாளி காணாமற்போனால் மூன்று கையெழுத்துக் கேட்கிறவன் நான். அன்றைக்கு அந்த ஆளின் மேசையும், சுவரில் மாட்டியிருந்த படங்களும், அவர் பேசிய ஆங்கிலமும் என் வாயைக் கட்டிவிட்டன. இரண்டு மாதம் கழித்துப் போனபோது அந்த அறையில் தையற்கடை இருந்தது.

அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கைதான் கேட்டாள்: "அண்ணே, சங்கத்துல எல்லாருக்கும் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கன்னு சொல்வீங்களே?" அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

இதைக் கேட்கும் ஒருவராவது தப்பித்துக்கொள்ளட்டும் என்று சட்டத்தைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் வேலை பிடித்துக் கொடுக்கும் முகவர் மனிதவள அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தொழிலாளியிடம் அவர் வாங்கக்கூடிய கட்டணம், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம்; எப்படியும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. வேலை அனுமதிக்கு ஆகும் செலவை முதலாளி தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. அனுமதி வருமுன்னே, வேலை எது என்று சொல்லாமலே, பணத்தை முதலில் வை என்கிறவன் முகவர் அல்ல, திருடன்.

மரம் வெட்டக் கற்ற வீட்டுப் பெண்

பிறகு என்ன நடந்தது? மூத்த தாதியம்மாள் சொன்னபடி புதிய விண்ணப்பம் போயிற்று. ஒரு சிறு பட்டணத்தில் சிறுநீரக இரத்தச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று அவளை எடுத்துக்கொண்டது. சம்பளம் சொற்பம். "டிப்ளமா படிச்சது இதுக்கா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவள் போனாள். ஒன்றரை வருஷம் அங்கே இருந்தாள். ஊசி ஏற்றும் கை அங்கேதான் தேர்ந்தது. அதற்குப் பிறகுதான் இந்தத் தீவில் உள்ள ஒரு மருத்துவமனை நேர்முகப் பேட்டிக்குக் கூப்பிட்டது.

அந்தப் பேட்டியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஒருவர் கேட்டார்: "நோயாளிக்குத் தவறான மருந்தைக் கொடுத்துவிட்டாய். யாரும் பார்க்கவில்லை. நோயாளிக்கும் ஒன்றும் ஆகவில்லை. என்ன செய்வாய்?"

தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாளாம்: "என் தந்தை ரப்பர் மரம் வெட்டுகிறவர். உளி ஆழமாகப் பட்டால் மரத்துக்குக் காயம். சிலர் அதன்மேல் மண்ணைப் பூசி மறைத்துவிடுவார்கள். என் தந்தை கங்காணியிடம் போய், இன்ன நிரையில் இன்ன மரத்தில் காயம் என்று சொல்லிவிடுவார். ஏச்சு விழும். ஆனால் மரம் பிழைக்கும். நானும் நோயாளியைக் கவனித்துவிட்டு, உடனே மேலாளரிடம் சொல்வேன்."

அவளுக்கு வேலை கிடைத்தது.

தோழர்களே, நம்முடைய தொழிலை நாமே குறைவாக நினைக்கிறோம். இந்தச் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. பிறகு 1888இல் அந்தப் பூங்காவின் தலைவராக வந்த ரிட்லி துரை, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையைக் கண்டு சொன்னார். அந்த முறையின் உயிர் எங்கே இருக்கிறது? பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தோலைத் தொடாமல், ஆனால் அதை ஒட்டி, உளி ஓட வேண்டும். கொஞ்சம் மேலே நின்றால் பால் வராது. கொஞ்சம் உள்ளே போனால் காயம். இருட்டில், தலையில் கட்டிய விளக்கில், அறுநூறு மரத்திலும் கை பிசகாமல் செய்யும் வேலை அது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று தாதியருக்கு ஐந்து பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் கவனம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல.

இன்னொன்றும் சொல்வேன். புதிதாக உளி பிடிக்கிறவனுக்கு எங்கள் தோட்டத்தில் இளமரத்தைக் கொடுக்க மாட்டார்கள். வெட்டித் தள்ளப் போகும் கிழட்டு மரத்தில் பழகச் சொல்லி, பக்கத்தில் ஒரு மூத்தவரை நிறுத்துவார்கள். மனிதரில் பழகுவதற்கென்று கிழட்டு மரம் கிடையாது. ஆகவே புதுத் தாதிக்குப் பக்கத்தில் ஒரு மூத்த தாதி நிற்பது சலுகையல்ல. நோயாளியின் உயிருக்குப் பாதுகாப்பு. முதல் வேலைக்குப் போகிற பிள்ளை பேட்டியிலேயே கேட்கலாம்: "எனக்கு யார் சொல்லிக்கொடுப்பார்? எத்தனை நாள் கூட இருப்பார்? எப்போது தனியாக இரவு வேலை கொடுப்பீர்கள்?" இப்படிக் கேட்பதனால் யாரும் வேலையைப் பறித்துக்கொள்ள மாட்டார்கள். பொறுப்புள்ள பிள்ளை என்றுதான் நினைப்பார்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு

சேர்ந்தவுடன் எல்லாம் இனித்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். டிப்ளமா படித்திருந்தும் அவளை முதலில் என்ரோல்ட் நர்ஸ் என்ற கீழ்ப்படியில்தான் சேர்த்தார்கள். இரவு வேலை முடிந்து பாசிர் ரிஸ் ரயிலில் தூங்கிவிட்டு, கடைசி நிலையம் இதுதானென்றபடியால் இறங்கத் தவறாமல் பிழைத்தேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். முதல் மூன்று மாதம் தொலைபேசியில் அழுகை. "திரும்பி வந்துடறேன் அண்ணே" என்பாள். அப்பா ஒருநாள் தொலைபேசியை வாங்கி, "மொத மாசம் எனக்கும் கை முழுக்கக் கொப்புளந்தான் தாயி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் அதற்குப் பிறகு அழவில்லை. படித்து, தேர்வு எழுதி, நான்கு வருஷத்தில் ரெஜிஸ்டர்ட் நர்ஸ் ஆனாள்.

2020 மார்ச் 18இல் மலேசியா எல்லையை அடைத்தது. கோவிட் வார்டில் அவள். பாலத்துக்கு அந்தப் பக்கம் நாங்கள். 1924இல் திறந்த பாலம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது, கடக்க முடியவில்லை. தடுப்பூசி போட்டவர்களுக்குத் தரைவழியாகப் பேருந்து விட்ட 2021 நவம்பர் 29க்குப் பிறகுதான் அம்மா அவள் முகத்தை நேரில் பார்த்தார். அந்த இருபது மாதத்தில் ஒருநாள் அவள் சொன்னாள்: "ஒரு தாத்தா, ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல. கிட்டப் போயி 'என்னய்யா செய்யுது?'ன்னு கேட்டேன். கையப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டாரு. அந்தக் காலத்துல தோட்டத்துல இருந்தவராம்." அம்மா அதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். தம் தாய்மொழியில் ஒரு கேள்வி கேட்கப்பட்டுப் பிழைத்தவரல்லவா அவர்!

இந்த ஊர் இதற்குப் புதிதல்ல

தேக்காவுக்குப் போகிறவர்களெல்லாம் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியின் பெயரை அறிவீர்கள். எருமைத் தொழுவம் என்று பொருள். நம்மவர் மாடு வளர்த்து வியாபாரம் செய்த பகுதி அது. 1924இல் அது இலவசப் பிரசவ ஆஸ்பத்திரி ஆயிற்று. 1966ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல்! அத்தனை குழந்தைகளையும் கையில் ஏந்தியவர்கள் தாதியர். சிங்கப்பூரில் முறையான தாதித் தொழில் தொடங்கியது 1885 ஆகஸ்ட் 1 என்பார்கள். பிரெஞ்சுக் கன்னிகாஸ்திரீகள் பொது மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்க வந்த நாள் அது. அதனால்தான் இங்கே தாதியர் தினம் ஆகஸ்ட் 1.

இந்தப் பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் பிள்ளைகளுக்கு வழி இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. இங்கிருந்து இரண்டாவது ரயில் நிலையம் சீமெய். தாதிப் பயிற்சி கொடுக்கும் ஐ.டி.இ. கிழக்குக் கல்லூரி அங்கே. 1997இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிய சாங்கிப் பொது மருத்துவமனையும் அங்கேதான். ஐ.டி.இ. முடித்தவர் என்ரோல்ட் நர்ஸ் ஆகலாம். நன்யாங் பாலிடெக்னிக்கிலோ, நீ ஆன் பாலிடெக்னிக்கிலோ மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர் ரெஜிஸ்டர்ட் நர்ஸ் ஆகலாம். தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டமும் உண்டு. தாதியர் வேலையை விட்டுப் போகாமல் இருக்கவேண்டுமென்று 2024இல் அரசாங்கம் ஒரு திட்டத்தை அறிவித்தது. பொது மருத்துவத் துறையில் தகுதியுள்ள தாதி 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை பெறலாம். தொழிலின் மதிப்பு ஏறியிருக்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

நினைவில் வைக்க வேண்டியவை

இனி, முதல் வேலை தேடும் பிள்ளைகளுக்கு நான் கண்ட அளவில் சொல்கிறேன்.

முதலாவது, பயிற்சிப் புத்தகத்தைத் தங்கம்போல் காப்பாற்றுங்கள். எந்த வார்டு, எத்தனை வாரம், என்ன செய்தீர்கள், யார் கையெழுத்து என்பவற்றை விண்ணப்பத்தில் எழுதுங்கள். அழுகையை எழுதாதீர்கள்.

இரண்டாவது, பதிவு இல்லாமல் தாதி இல்லை. சிங்கப்பூரில் தாதிமை வாரியத்தில் பதிவும், தொழில் நடத்தும் சான்றிதழும் வேண்டும். மலேசியாவிலிருந்தோ, தமிழ்நாட்டிலிருந்தோ வருகிற பிள்ளைக்கு இங்கே ஒரு மருத்துவ நிறுவனம் வேலை தர முதலில் முன்வர வேண்டும். அதன் பிறகுதான் பதிவுக்கான காரியம் நடக்கும், தேர்வும் உண்டு. 'நான் வாரியத்தில் பதிந்து தருகிறேன், பணம் கொடு' என்று தெருவில் சொல்கிறவனை நம்பாதீர்கள்.

மூன்றாவது, பெரிய மருத்துவமனைதான் வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். முதியோர் இல்லம், இரத்தச் சுத்திகரிப்பு நிலையம், சமூக மருத்துவமனை எதுவானாலும், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற இடமானால் போங்கள். சொல்லிக்கொடுக்க யாருமில்லாத இடம் எவ்வளவு பெரிதானாலும் யோசியுங்கள்.

நான்காவது, ஒப்பந்தத்தை ஒரு ராத்திரி வீட்டில் வைத்துப் படியுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, இரவு வேலைப் படி எவ்வளவு, எத்தனை வருஷம் கட்டாயம் இருக்க வேண்டும், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், அறை வாடகை யார் தருவது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். விளங்காத வரியை விளங்கிய ஒருவரிடம் காட்டுங்கள்.

ஐந்தாவது, சேர்ந்த மாதமே சங்கத்தில் சேருங்கள். சிங்கப்பூரில் சுகாதாரச் சேவை ஊழியர் சங்கம் இருக்கிறது. "நாங்கள் படித்தவர்கள், எங்களுக்கெதற்குச் சங்கம்?" என்று கேட்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். பால் வெட்டுகிறவனுக்கு எட்டு மணி நேரமும், தாதிக்குக் கணக்கில்லாத நேரமும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "ராத்திரி வேலை, பெண் பிள்ளையை எவன் கட்டுவான்?" என்று கேட்கிறீர்கள். உங்கள் தாய்க்கு நடுராத்திரி மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரியில் யாரை எதிர்பார்ப்பீர்கள்? இன்னொருவர் பெற்ற பெண்ணைத்தானே! பையன்களும் இந்தத் தொழிலுக்குப் போகலாம்; போகிறார்கள். நோயாளியைத் தூக்கிப் படுக்க வைக்கிற கைக்கு ஆண் பெண் என்ற பேதமில்லை.

கடைசியாகச் சங்கத் தோழர்களுக்கும், என்னைப் போன்ற கிராணிகளுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நமக்கு எழுதத் தெரியும். கடிதம், ஒப்பந்தம், ரசீது, கணக்கு இவை நமக்குச் சோறு போடுகிற விஷயங்கள். ஒவ்வொரு கிளையிலும் வாரத்தில் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். படித்து முடித்த பிள்ளை யாராயிருந்தாலும் வரட்டும். விண்ணப்பத்தைச் சேர்ந்து எழுதுவோம். ஒப்பந்தத்தைச் சேர்ந்து படிப்போம். பணம் கேட்கிறவன் உரிமம் உள்ளவனா என்று பார்ப்போம். எங்கள் கிளையில் போன வருஷம் தொடங்கிவிட்டோம். சனிக்கிழமை மாலை என் மேசை அதற்குத்தான்.

அம்மாவின் சங்கிலியைத் தங்கை தன் இரண்டாம் வருஷச் சம்பளத்தில் மீட்டுவிட்டாள். ஆனால் ரசீது வாங்காத அந்த 3,000 வெள்ளி இன்றைக்கும் என் கணக்கில் பற்றாகவே நிற்கிறது. சனிக்கிழமை மாலை என் மேசைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து எழுதி, அதைக் கொஞ்சங்கொஞ்சமாக வரவு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை இன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை. பகல் ஷிப்ட். அவளுக்குப் பக்கத்தில் இந்த வாரம் ஒரு புதுப்பெண் நிற்கிறாளாம், படித்து முடித்து முதல் வேலைக்கு வந்தவள். "இப்ப நான்தாண்ணே மூத்தவ" என்று நேற்றிரவு சொன்னாள்.